நாய்க்குட்டியின் முதல் நான்கு மாதங்கள்

(ஏற்காட்டில் மலைத்தோட்ட விவசாயிகளுக்கான பயிற்சி வகுப்பில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



உழவியல் விரிவுரையாளனுக்கு நாய்க்குட்டியிடம் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். தோட்டப் பார்வைக்குச் செல்லும்போது உங்களில் பலர் என்னிடம் கேட்பது உரத்தைப் பற்றி மட்டும் அன்று. காப்பி பறித்துக் களத்தில் காயப் போட்டால் இரவில் காவல் யார்? கிழங்கைப் பன்றி கிளறுகிறது, என்ன செய்வது? இவையும் சேர்ந்தே வரும் கேள்விகள். எல்லோருக்கும் கம்பி வேலி போட வசதி இல்லை. ஆகவே ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து வளர்க்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் எப்படி வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்தே அது காவலாகவோ கேடாகவோ அமைகிறது.

சமவெளிக்கும் நம் மலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இங்கே தோட்டம் முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை வந்து நிற்பது உங்களுக்குப் புதிதன்று. பழக்கப்படாத நாய் அதைக் கண்டால் குரைத்துக்கொண்டே பாயும். காட்டெருமை திரும்பித் துரத்தினால் நாய் எங்கே ஓடும்? வளர்த்தவர் காலடிக்குத்தான் ஓடிவரும். அதன் பின்னாலேயே காட்டெருமையும் வரும். நாய் வேலிச் சந்தில் நுழைந்து தப்பித்துக்கொள்ளும். நாம் தப்ப முடியாது. அழைத்தவுடன் திரும்பி வரும் நாய் மட்டுமே மலைத்தோட்டத்துக்கு ஏற்ற நாய். அந்தப் பழக்கத்தை ஊட்டும் பருவம் முதல் நான்கு மாதங்களே. இதைத்தான் இன்று உங்களுக்கு வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் நான்கு மாதங்கள் ஏன்?

காப்பி நாற்றங்காலில் வேர் வளைந்துபோன நாற்றை நட்டுவிட்டு, பிறகு எத்தனை உரம் இட்டாலும் செடி தேறுவதில்லை. நாய்க்குட்டிக்கும் ஒரு நாற்றங்கால் பருவம் உண்டு. பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை அது எதைக் கண்டு, யாரிடம் பழகுகிறதோ அதைத் தன் சுற்றமாக ஏற்றுக்கொள்கிறது.

இது ஆராய்ந்து கண்ட உண்மை. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட ஒரு சோதனை 1961-இல் வெளியிடப்பட்டது. குட்டிகளை உயர்ந்த வேலியிட்ட வெளியில் தாயோடு விட்டு, மனிதர் கைபடாமல் வளர்த்தனர். சில குட்டிகளை மட்டும் வெவ்வேறு வயதில் ஒரு வாரம் வெளியே எடுத்துப் பழக்கினர். ஐந்து முதல் ஒன்பது வாரத்துக்குள் பழக்கப்பட்டவை மனிதரோடு நன்கு ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம் வரை மனிதரையே அறியாதவை காட்டு விலங்கு போலவே அஞ்சி ஒதுங்கின.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். வாலை நிமிர்த்த வேண்டியதில்லை. பழக்கத்தைத் திருத்தினால் போதும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் பழமொழியில் வரும் ஐந்தை நாய்க்குட்டிக்கு வாரக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் விளையாடித்தான் அது கற்கிறது. முப்பது நாளில் கொண்டுவந்த குட்டி பெரும்பாலும் கடி நாயாக வளர்வது இதனால்தான். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விதிகளும் கூறுகின்றன.

என்ன இனம் வாங்கலாம்? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை நம் தமிழ்நாட்டின் புகழ்பெற்ற இனங்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் தலையே வெளியிட்டார்கள். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் வறண்ட கரிசல் வெளியில் முயலைத் துரத்திப் பிடிக்க வளர்க்கப்பட்டவை. ஓடுவதைக் கண்டால் துரத்துவது அவற்றின் பிறவிக் குணம். காட்டை ஒட்டிய சிறு தோட்டத்துக்கு அந்தக் குணமே இடையூறு. வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சில காது கேளாமல் பிறப்பதும் உண்டு. ஆகவே வாங்குமுன் குட்டியின் முதுகுப்புறம் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும்.

காவலுக்கு நம் ஊர் நாட்டு நாயே போதும். குளிரும் மழையும் தாங்கும். கிடைத்த தீவனத்தில் தேறும். குட்டிகளின் நடுவே உட்கார்ந்து பாருங்கள். பாய்ந்து வந்து மற்றவற்றைத் தள்ளிக் கடிக்கும் குட்டியும் வேண்டாம். மூலையில் ஒடுங்கி நடுங்கும் குட்டியும் வேண்டாம். முதலில் தயங்கி, பிறகு அருகே வந்து கையை முகர்ந்து பார்க்கும் குட்டியே ஏற்றது. கண்ணில் பீளையும் மூக்கில் சளியும் இருக்கக் கூடாது. வயிறு மட்டும் பானைபோல் உப்பி, விலா எலும்பு தெரிந்தால் குடற்புழு இருக்கிறது என்று பொருள்.

ஒரு காரியத்தை மறக்க வேண்டாம். உங்கள் வீட்டில் சென்ற ஆண்டு ஏதேனும் குட்டி இரத்தக் கழிச்சல் கண்டு இறந்திருந்தால், அந்த நோயின் வைரஸ் மண்ணில் ஓராண்டு வரையிலும் உயிரோடு இருக்கக்கூடும். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தடுப்பூசி போடாத குட்டியைக் கொண்டுவருதல் கூடாது.

இருப்பிடமும் தீவனமும்

மார்கழி, தை மாதங்களில் இங்கே இரவுக் குளிர் கடுமையானது. ஈரத் தரையில் குட்டியைப் படுக்க விட வேண்டாம். தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் பலகை போட்டு, அதன்மேல் உலர்ந்த சாக்கு விரித்தால் போதும். தாயோடு கிடந்த பழந்துணி ஒன்றையும் உடன் வாங்கி வந்து போட வேண்டும். முதல் மூன்று இரவு குட்டி அழும். அப்போது அடிப்பதும், எட்ட இருக்கும் கொட்டகையில் போட்டு அடைப்பதும் தவறு. படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெட்டியில் வைத்துக்கொண்டால் நான்காம் நாள் அழுகை அடங்கிவிடும்.

இரண்டு முதல் மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளையும், மூன்று முதல் ஆறு மாதம் வரை மூன்று வேளையும், அதன்பின் இரண்டு வேளையும் தீவனம் கொடுக்க வேண்டும். சோறு, சாமைச் சோறு, கேழ்வரகுக் களி எதுவாயினும் சரி, வெறும் சோறும் மோரும் வளரும் குட்டிக்குப் போதா. வேகவைத்த முட்டை, பருப்பு, இறைச்சித் துண்டு இவற்றில் ஏதேனும் ஒன்று சேர வேண்டும். பால் கொடுத்துக் கழிச்சல் கண்டால் பாலை நிறுத்திவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்பு ஆகாது. அவை நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். வேகவைத்த கோழி எலும்பு ஈட்டி போல் பிளந்து குடலைக் குத்தும். ஆடு அறுத்த இடத்தில் கிடைக்கும் பச்சை ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போட வேண்டாம். அவற்றில் உள்ள நீர்க்கட்டிகள் வழியாக நாயின் குடலில் நாடாப்புழு உண்டாகி, அதன் முட்டைகள் நம் பிள்ளைகளின் வயிற்றுக்கும் வந்து சேரும்.

பழக்கும் முறை

முதலில், வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா ‘வா’ என்றும், பிள்ளை ‘இங்கே ஓடியா’ என்றும், பாட்டி சீட்டியடித்தும் கூப்பிட்டால் குட்டிக்கு எதுவும் புரியாது. வா, உட்கார், விடு, போதும் ஆகிய நான்கு சொற்களே போதுமானவை.

‘வா’ என்னும் சொல்தான் இவற்றில் தலையாயது. குட்டியின் பெயரைச் சொல்லி ‘வா’ என்று அழைத்து, வந்தவுடன் ஒரு துண்டு முட்டையோ கருவாடோ கொடுத்துத் தட்டிக்கொடுக்க வேண்டும். செய்த செயலுக்கும் கொடுக்கும் பரிசுக்கும் இடையே ஓரிரு நொடிக்கு மேல் போகக் கூடாது. நேரம் கழித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. முதல் வாரம் வீட்டுக்குள்ளும், இரண்டாம் வாரம் வாசலிலும், பிறகு நீளக் கயிறு கட்டித் தோட்டத்திலும் பழக்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை போதும். அழைத்து வந்த குட்டியை எக்காரணம் கொண்டும் அடிக்காதீர்கள். கோழியைத் துரத்திவிட்டு வந்ததற்காக அடித்தால், கோழியைத் துரத்தக் கூடாது என்று அது கற்பதில்லை. கூப்பிட்டால் போகக் கூடாது என்றே கற்கும். அந்தப் பாடத்தின் பலனைக் காட்டெருமைக்கு எதிரே நிற்கும் அன்று நாம் அனுபவிக்க நேரும்.

மலம் கழிக்கும் இடம்: தூங்கி எழுந்தவுடன், தின்றவுடன், விளையாடி முடித்தவுடன், மற்ற வேளையில் இரண்டு மணிக்கு ஒரு தடவை, ஒரே இடத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். அங்கே கழித்தால் தட்டிக்கொடுங்கள். வீட்டுக்குள் கழித்துவிட்டால் மூக்கைத் தேய்ப்பது வீண். துடைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

கடித்து விளையாடுதல்: பால்பல் குட்டி கையைக் கவ்வும். சிரித்துக்கொண்டு விட்டால் ஆறு மாதத்தில் அதே பல் பிள்ளையின் கன்னத்தில் பதியும். பல் பட்டவுடன் விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுங்கள். கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பதை அது தானே கற்றுக்கொள்ளும்.

கோழியும் ஆடும்: பத்தாவது வாரத்திலிருந்து கயிற்றில் பிடித்துக்கொண்டு கோழிகளின் அருகே உட்கார வைக்க வேண்டும். பார்த்தும் பாயாமல் இருந்தால் பரிசு. பாய்ந்தால் ‘விடு’ என்று சொல்லிச் சற்றுத் தூரம் விலகிச் செல்ல வேண்டும். நாள்தோறும் பத்து நிமிடம் இப்படிச் செய்தால் ஒரு மாதத்தில் கோழி அதற்கு ஒரு பொருட்டாகவே இராது.

புதிய மனிதர்: காப்பி பறிப்புக் காலத்தில் கூலிக்கு வருவோர், குடை பிடித்தவர், தலையில் மூட்டை சுமந்தவர், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் குட்டி நான்கு மாதத்துக்குள் பார்த்துப் பழக வேண்டும். இப்படிப் பழகினால் காவல் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். வளர்ந்தபின் இரவில் வரும் அந்நியரைப் பார்த்துக் குரைப்பது நாயின் இயல்பிலேயே வரும். மனிதரையே பார்க்காமல் வளர்ந்த நாய் அச்சத்தால் கடிக்கும். அது காவல் ஆகாது. தடுப்பூசி முடியும் வரை குட்டியைத் தெருநாய் உலவும் இடங்களில் தரையில் விடாமல், கையில் எடுத்துச் சென்று காட்டுங்கள். மே மாதக் கோடை விழாவில் நடைபெறும் நாய்க் கண்காட்சிக்குச் சென்று, பழக்கப்பட்ட நாய்கள் சொல்லுக்கு அடங்கி நிற்பதைப் பார்த்து வாருங்கள். ஆனால் குட்டியைக் கூட்டிச் செல்ல வேண்டாம்.

இரவில் கட்டவிழ்க்கும் வழக்கம்

பகலெல்லாம் கட்டிப்போட்டு, இரவில் அவிழ்த்து விடுவது நம் பழைய வழக்கம். மலையில் இந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பகலெல்லாம் கட்டுண்ட நாய்க்குச் சினம் மிகும். இரவோ காட்டு விலங்குகள் நடமாடும் வேளை. அவிழ்த்து விட்ட நாய் களத்தைக் காக்காது, காட்டுக்குள் போகும். பன்றியின் கொம்பில் வயிறு கிழிந்து திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

இதற்கு ஒரு எளிய ஏற்பாடு உண்டு. களத்தின் இரு முனையிலும் கல்தூண் நட்டு, இடையே முப்பது அடிக் கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்து, வளையத்தில் சங்கிலியை மாட்டுங்கள். நாய் களத்தின் நீளம் முழுவதும் ஓடலாம். காட்டுக்குப் போக முடியாது. தண்ணீரும் மழைக்கு ஒதுங்க ஒரு கூண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதம் ஆகாத குட்டியை இரவில் வெளியே விடவே வேண்டாம். பன்றி வந்தால் குரைத்து எழுப்புவது நாயின் வேலை. துரத்துவது அதன் வேலை அன்று.

தோட்டத்து நஞ்சுகள்

இது என் துறை சார்ந்தது. சற்று விரிவாகவே சொல்கிறேன். குட்டிக்கு எல்லாவற்றையும் வாயால் தொட்டுப் பார்க்கும் குணம். நாம் பயிருக்கு இடும் பல பொருள்கள் அதற்கு எமன்.

நடவுக் குழியில் எலும்புத்தூளும் ஆமணக்குப் பிண்ணாக்கும் கலந்து இடுகிறோம். எலும்பின் வாசனைக்கு நாய் குழியைத் தோண்டித் தின்னும். சரியாகச் சூடுபடாத ஆமணக்குப் பிண்ணாக்கில் ரைசின் என்னும் கொடிய நஞ்சு எஞ்சியிருக்கும். தின்ற நாய் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டு ஓரிரு நாளில் இறந்துவிடக் கூடும். நாய் வளர்ப்போர் ஆமணக்குப் பிண்ணாக்குக்குப் பதில் வேப்பம் பிண்ணாக்கு இடலாம். ஆமணக்குப் பிண்ணாக்கில் நூற்றுக்கு 4.3 பங்கு தழைச்சத்து. வேப்பம் பிண்ணாக்கில் 5.2 பங்கு. ஆகவே பயிருக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

காப்பிப் பழத்தோல் குவியலில் குட்டியை விளையாட விடக் கூடாது. நமக்குச் சுறுசுறுப்புத் தரும் காஃபீன் அதற்கு நெஞ்சுத் துடிப்பையும் வலிப்பையும் தரும். நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு குருணை, எலிக்கு வைக்கும் சிங்க் பாஸ்பைடு ஆகிய இரண்டும் நாய்க்குக் கடும் நஞ்சு. எலி நஞ்சு வைத்த காலத்தில் செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்துவிட வேண்டும். போர்டோ கலவை கலக்கிய வாளியையும் மயில்துத்தக் கரைசல் தங்கிய தொட்டியையும் கவிழ்த்து வையுங்கள்.

நாய் நஞ்சு தின்றது தெரிந்தால் உப்புக் கரைசலும் எண்ணெயும் புகட்டிக் காலம் கடத்தாமல், மருந்தின் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் விரைய வேண்டும்.

தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும்

• குடற்புழு மருந்து: இரண்டாவது வாரம் தொடங்கி எட்டு வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

• கூட்டுத் தடுப்பூசி (இரத்தக் கழிச்சல், டிஸ்டெம்பர் முதலியவற்றுக்கு): 6–8 வாரத்தில் முதல் ஊசி, 10–12 வாரத்தில் இரண்டாவது, 14–16 வாரத்தில் மூன்றாவது.

• வெறிநோய்த் தடுப்பூசி: மூன்றாவது மாதத்தில் முதல் ஊசி; மூன்று நான்கு வாரம் கழித்து மறு ஊசி; பிறகு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல்.

ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. சேலத்தில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலையேறினால், ஊசி போட்டும் பயன் இராது. குட்டியை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்வதே முறை. தொலைவில் உள்ள கிராமத்தாருக்கு ஒரு நாள் கூலி போய்விடும் என்பதை அறிவேன். ஐந்தாறு வீட்டார் சேர்ந்து ஒரே வண்டியில் கொண்டுபோனால் செலவு குறையும். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களையொட்டி வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடப்பது வழக்கம். கால்நடை மருந்தகத்தில் விசாரித்து வையுங்கள். பெட்டையை வைத்துக் காப்போர் ஆறு மாதத்துக்குப்பின் கருத்தடை செய்துவிடுதல் நலம். இல்லாவிட்டால் ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகளே தெருவுக்கும் காட்டுக்கும் போய்ச் சேரும்.

தடுப்பூசி உங்கள் நாய்க்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிக் காட்டில் 1994-இல் டிஸ்டெம்பர் நோயால் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள் மாண்டன. குஜராத்தின் கிர் காட்டிலும் 2018-இல் சிங்கங்கள் அந்த நோய்க்கு இரையாயின. நம் மலையில் சிங்கம் இல்லை. ஆனால் நரியும் மரநாயும் உண்டு. நாயின் நோய் அவற்றுக்கும் தொற்றும்.

கடிபட்டால்

வெறிநோய் கண்டுவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. கண்டபின் தீர்க்க முடியாத இந்நோயை வராமல் தடுக்க மட்டும் முழுமையாக முடியும். 1885-இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதலில் ஊசி போட்டுக் காத்தார். நம் மாநிலத்தில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இத்துறையில் பணிபுரிந்து வருகிறது. வழி தெரிந்திருந்தும் உயிர்கள் போவது, கடித்த அன்று செய்ய வேண்டியதைச் செய்யாததால்தான்.

கடித்த இடத்தை, அது வெறும் நகக்கீறலானாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். காப்பித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் தடவக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும். மருத்துவர் குறிக்கும் நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும். கடித்தது நம் வீட்டுக் குட்டிதானே என்று இருந்துவிடாதீர்கள். பிள்ளைகள் அடிக்குப் பயந்து கடிபட்டதை மறைப்பார்கள். மறைக்கக் கூடாது என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

காட்டு விலங்கும் சட்டமும்

நாயை ஏவி முயலையோ பன்றியையோ பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாயை விட்டுத் துரத்துவதும் வேட்டையாகவே கொள்ளப்படும். காட்டெருமை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அது தோட்டத்தில் நின்றால் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, ‘போதும்’ என்று அடக்கி, ஓசையின்றி வந்த வழியே திரும்புங்கள். விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் தோட்டத்துக்குப் போகும்போது நாயைக் கயிறின்றி அழைத்துச் செல்ல வேண்டாம்.

பெருமக்களே! ஒரு காப்பிச் செடி பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்கிறோம். நாய்க்குட்டி நம்மிடம் கேட்பது நான்கு மாதம். அதிலும் நாளைக்குக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தைக் கொடுத்தால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு அது உங்கள் களத்தையும் பிள்ளைகளையும் காக்கும். குட்டி வாங்க எண்ணியிருப்போர், வாங்குவதற்கு முன்பே கால்நடை மருந்தகத்துக்குச் சென்று ஊசி நாட்களைக் குறித்து வாங்கி வந்து, நாள்காட்டியில் எழுதி வையுங்கள். குட்டி வந்த அன்றைக்கே ‘வா’ என்னும் சொல்லிலிருந்து தொடங்குங்கள். அனைவரும் இம்முறைகளைக் கடைப்பிடித்துப் பயனடைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.